நாற்காலிக்கு ரசீது இருந்தது

எங்கள் வாடகைக் கடை ரசீதில் 6 கட்டங்கள். பொருள், எண்ணிக்கை, எடுத்த தேதி, திரும்பிய தேதி, அட்வான்ஸ், சேதம். 11 வருஷம் அந்த ஆறு கட்டங்களை நிரப்பியதுதான் என் உத்தியோகம். ஒரு கரண்டி வெளியே போனாலும் எழுத வேண்டும், அது வளைந்து திரும்பினாலும் எழுத வேண்டும். எண்ணிக்கை இடித்தால் விசேஷ வீட்டுக் குப்பையைக் கிளறிப் பார்த்துவிட்டு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறேன். கிடைத்தும் இருக்கிறது.

நாற்காலி, மேசை, பெரிய பாத்திரங்கள், கூடாரத் துணி, மேடைப் பலகை, மைக் செட், விளக்கு, ஜெனரேட்டர். இவ்வளவும் வாடகைக்கு. ஆட்களுக்கும் அந்தப் பொருளின் பெயர்தான். ஜெனரேட்டர் அண்ணன், மைக் செட் தம்பி, மேடை அண்ணன், பாத்திர அக்கா. சின்னவர்களுக்கு நான் கணக்கு அக்கா, பெரியவர்களுக்குக் கணக்கும்மா. பாத்திர அக்காவின் சொந்தப் பெயர் எனக்குத் தெரியவே 4 வருஷம் ஆனது. அவர் மகள் ஒருநாள் கடை வாசலில் நின்று அம்மாவின் பெயரைச் சொல்லிக் கேட்டாள். அப்படி யாரும் இங்கே இல்லையே என்று சொல்லி அனுப்பப் பார்த்தேன்.

போன வாரம் மேடை அண்ணனிடமிருந்து ஒரு போன். இந்தப் பதிவே அதனால்தான். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் கூலிக் கணக்கைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் புரியாது.

தொகையைப் பணத்தில் சொன்னால் இடத்துக்கு இடம், வருஷத்துக்கு வருஷம் மாறும். அதனால் நாற்காலியில் சொல்கிறேன். நான் சேர்ந்தபோது லோடு ஏற்றி இறக்குபவரின் ஒரு நாள் கூலி, 50 நாற்காலிகளின் ஒரு நாள் வாடகைக்குச் சமம். நான் விலகியபோது அது 42 நாற்காலியாக இறங்கியிருந்தது. கூலியை யாரும் குறைக்கவில்லை, ஏறத்தான் ஏறியது. நாற்காலி வாடகை அதைவிட வேகமாக ஏறியது. என் சம்பளம் மாதத்துக்கு 1,800 நாற்காலி. பாத்திரம் கழுவுபவர்களுக்கு நாள் கூலியே கிடையாது, நூறு தட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. இடுப்பொடியக் கழுவினாலும் நாளுக்கு 30 நாற்காலியைத் தாண்டாது.

இதற்குச் செய்த வேலை எவ்வளவு என்று ஒருநாள் வேடிக்கையாகக் கணக்குப் போட்டேன். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று சுமார் இரண்டரை கிலோ. 600 நாற்காலி என்றால் 1,500 கிலோ. குடோனில் ஏற்ற வேண்டும், மண்டபத்தில் இறக்க வேண்டும், முடிந்ததும் ஏற்ற வேண்டும், குடோனில் இறக்க வேண்டும். நான்கு தடவை கை பட்டால் 6,000 கிலோ. மூன்று பேர் போனால் தலைக்கு 2 டன். விரித்துப் போடுவது, திரும்ப அடுக்குவது எல்லாம் இதில் சேரவில்லை. கணக்கை முதலாளியிடம் காட்டினேன். ஆச்சரியப்பட்டார். "அவ்வளவா வருது? அப்ப வண்டிக்கும் லோடு ஜாஸ்திதான்" என்றார்.

அவரை வில்லனாக்க நான் இதை எழுதவில்லை. நல்ல மனிதர், இன்றைக்கும் பார்த்தால் நின்று பேசுவார்.

கூலியைவிட எங்கள் கடையில் அதிகம் சண்டை வந்தது 'நாள்' என்ற சொல்லுக்குத்தான். பொருளுக்கு நாள் என்பது துல்லியமானது. காலை எடுத்தால் மறுநாள் காலைக்குள் திரும்ப வேண்டும், மதியம் ஆகிவிட்டால் இன்னொரு நாள் வாடகை. வாடிக்கையாளர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் நான் விட்டதில்லை. ஆளுக்கு நாள் என்பது இழுத்தால் இழுபடும் ரப்பர். இரவு விசேஷம் முடிந்து கடைசி விருந்தாளி எழுந்திருக்கும் வரை லோடு ஆட்கள் வெளியே வண்டியடியில் காத்திருப்பார்கள். எட்டு மணிக்கு வரச் சொல்வார்கள், நாற்காலியில் கை வைக்கப் பன்னிரண்டு ஆகும். ஆட்களின் வேலை நாளை எழுதும் நோட்டில் அது 'இ', அதாவது இரவு, அதாவது அரை நாள். அந்த நாலு மணி நேரக் காத்திருப்புக்கு எழுத்தே கிடையாது.

இப்போது ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். அங்கே அலமாரியில் கிடக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் புத்தகங்களை மதிய வேளையில் புரட்டுவேன். கடை, அலுவலக ஊழியர்களின் வேலை நேரம் பற்றி 1930-இல் அந்த அமைப்பு ஒரு உடன்படிக்கை கொண்டுவந்திருக்கிறது. அதில் வேலை நேரத்துக்கு ஒரு வரையறை உண்டு: ஊழியர் முதலாளியின் ஏவலுக்குக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே. அந்த ஏவலுக்கு உட்படாத ஓய்வு நேரத்தை மட்டும்தான் கழிக்கலாம். இதைப் படித்தபோது வண்டியடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். 1930-லேயே எழுதிவிட்டார்கள்! நாங்கள் வாடகை நாற்காலிக்கு மட்டும் அந்த நியாயத்தைப் பார்த்திருக்கிறோம். மண்டபத்தில் சும்மா அடுக்கி வைத்திருந்தாலும் நாற்காலிக்கு வாடகை உண்டு. யாரும் உட்காரவில்லையே என்று எந்த வாடிக்கையாளரும் குறைத்துக் கேட்க முடியாது.

வாடகைத் தொழிலின் ரகசியம் ஓட்டம். நாற்காலி குடோனில் கிடந்தால் நஷ்டம், வெளியே இருந்தால் லாபம். வாங்கிய விலையை 45 நாள் வாடகையில் எடுத்துவிடலாம், பிறகு உடையும் வரை வரவுதான். ஆனால் சீசன் இல்லாத மாதங்களில் எல்லாம் குடோனில் தூங்கும். அப்போதும் குடோன் வாடகை, வண்டித் தவணை, வங்கி வட்டி நிற்காது. இந்தப் பளு முழுக்க முதலாளி தலையில் என்று நினைத்திருந்தேன். பழைய நோட்டுகளைக் கூட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பளுவில் பெரும்பாதியை அவர் இறக்கி வைத்த இடம் எது என்று. சீசனில் மேடை அண்ணனுக்கு மாதம் 24 நாள் வேலை, 1,200 நாற்காலி. சீசன் இல்லாத மாதத்தில் 6 நாள், 300 நாற்காலி. நாற்காலி சும்மா கிடந்தாலும் அதற்குக் கூரை இருந்தது, தார்ப்பாய் இருந்தது, எலி கடிக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு பூனையும் இருந்தது. வேலை இல்லாத 24 நாளில் மேடை அண்ணன் எதன் கீழே இருந்தார் என்று நான் கேட்டதில்லை.

எங்களிடம் வேலை செய்த ஆறு வருஷமும் அவரை யாரும் வேலைக்கு எடுத்ததில்லை, வேலையை விட்டு நீக்கியதும் இல்லை. ராத்திரி போன் வரும், "நாளைக்கு இருக்கு, வந்துடுங்க." போன் வராவிட்டால் வேலை இல்லை என்று அர்த்தம்.

கணக்கெடுப்புக்காரர் ஒருவர் வந்த கதையைச் சொல்ல வேண்டும். வேலைவாய்ப்பு பற்றிய கணக்கெடுப்பு என்று சொல்லி, கையில் பெரிய படிவத்தோடு வந்தார். முதலாளி வெளியே போயிருந்தார், நான் உட்கார வைத்துப் பதில் சொன்னேன். கடை பதிவு செய்ததா? ஆமாம். வரி கட்டுகிறதா? ஆமாம், நான்தான் போய்க் கட்டுகிறேன். கணக்குப் புத்தகம் உண்டா? இதோ. ஒவ்வொரு 'ஆமாம்' சொல்லும்போதும் முதுகு ஒரு அங்குலம் நிமிர்ந்தது. அப்புறம் என்னைப் பற்றிக் கேட்டார். எழுத்து மூலமான நியமனம் உண்டா? சம்பளத்தோடு வருடாந்திர விடுப்பு? உடம்பு சரியில்லை என்றால் சம்பளம் உண்டா? ஓய்வூதியத்துக்கு முதலாளி பங்கு ஏதாவது கட்டுகிறாரா? இல்லை, இல்லை, சில சமயம், இல்லை. அவர் டிக் போட்ட வேகத்தைப் பார்த்தால், எல்லாக் கடையிலும் இதே பதில்தான் போலிருந்தது.

கடைக்கு எல்லாம் 'ஆமாம்', எனக்குக் கிட்டத்தட்ட எல்லாம் 'இல்லை'. இதற்குப் பின்னால் புள்ளிவிவரக்காரர்களின் ஒரு பழைய விவாதம் இருக்கிறது என்பது சங்க அலுவலகத்துக்கு வந்தபின் தெரிந்தது. தொழிலாளர் புள்ளியியலாளர்களின் சர்வதேச மாநாடு 1993-இல் முறைசாராத் துறையை வரையறுத்தபோது, கடையைப் பார்த்தது. பதிவு இல்லாத, சிறிய, கணக்கு வைக்காத தொழில்களே முறைசாராத் துறை. அந்த அளவுகோல்படி எங்கள் கடையில் எல்லாம் ஒழுங்கு. 2003-இல் அதே மாநாடு கடையை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தது. கடை எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், அங்கே வேலை செய்பவருக்குத் தொழிலாளர் சட்டமோ, சமூகப் பாதுகாப்போ, சம்பள விடுப்போ, நீக்குவதற்கு முன் அறிவிப்போ நடைமுறையில் எட்டவில்லை என்றால் அது முறைசாரா வேலைதான் என்றது. சட்டத்தில் இருக்கிறதா என்பதோடு நிற்காமல் நடைமுறையில் கைக்கு வருகிறதா என்றும் கேட்டார்கள் பாருங்கள், அந்த இடத்தில்தான் நாங்கள் பிடிபட்டோம். இந்த அளவுகோலை வைத்து சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் ஒரு கணக்குச் சொன்னது. உலகில் வேலை செய்பவர்களில் 61 சதவீதம், சுமார் 200 கோடிப் பேர், முறைசாரா வேலையில் இருக்கிறார்கள். அத்தனை பெரிய கூட்டத்தில் நானும் ஒருத்தி என்பது எனக்கு ஆறுதலாக இருந்ததா, எரிச்சலாக இருந்ததா என்று இன்னும் தெரியவில்லை.

கணக்கெடுப்புக்காரருக்கு ஒரே ஒரு கேள்வியில்தான் தடுமாற்றம் வந்தது. "நீங்க பொருளை மட்டும் குடுக்கறீங்களா, ஆளோட குடுக்கறீங்களா?" ரெண்டும்தான் என்றேன். அவர் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை. ஐ.நா.வின் தொழில் வகைப்பாட்டில், 2008-இல் வெளியான நான்காம் திருத்தத்தில், 77-ஆம் பிரிவு வாடகைத் தொழிலுக்கு. நாற்காலி, பாத்திரம், துணி, நகை, இசைக்கருவி, நாடகக் காட்சிப் பொருள், பூ, செடி வரை எல்லாம் அதில் வருகிறது. ஆனால் ஆள் கூடப் போனால் கதை மாறிவிடுகிறது. கட்டுமானக் கிரேனை ஓட்டுநர் இல்லாமல் வாடகைக்கு விட்டால் 77, ஓட்டுநரோடு விட்டால் அது கட்டுமானத் தொழில். காரை வெறுமனே விட்டால் 77, டிரைவரோடு விட்டால் போக்குவரத்து. தர்க்கம் சரிதான், ஆளோடு போகும்போது அது வேறு சேவை. ஆனால் மைக் செட் தம்பியைப் போல, காலையில் பொருளை இறக்கி வைத்துவிட்டு மாலையில் அதே பொருளை இயக்குகிறவனை எந்தப் பிரிவில் தேடுவது? வாடகைத் தொழிலாளர்களின் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால், அதில் பாதிப் பேர் வேறு துறையின் பட்டியலில் உட்கார்ந்திருப்பார்கள்.

வண்டி அண்ணன் இன்னொரு ரகம். வண்டி அவருடையது, அவர் பெயரில் கடன். கூலி நடைக்கு இவ்வளவு. ஆனால் எங்கள் கடையைத் தவிர வேறு யாருக்கும் ஓட்ட முடியாது, ஓட்டினால் முதலாளி முகம் சுளிப்பார். டீசல் விலை ஏறினால் அவர் பாடு, டயர் வெடித்தால் அவர் பாடு. கேட்டால் "நான் சொந்தத் தொழில்" என்று மீசையை முறுக்குவார். 2018-இல் புள்ளியியலாளர்கள் இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஒரு வகையை உண்டாக்கினார்கள். சார்ந்திருக்கும் ஒப்பந்தக்காரர் என்று பொருள் வரும். இவர் சந்தையில் தன் விலையை வைக்க முடியாது, யாருக்கு ஓட்டுவது என்பதும் இவர் கையில் இல்லை, நஷ்டம் மட்டும் இவருடையது. இது பழைய கடைகளின் கோளாறு என்று நினைக்க வேண்டாம். செயலியில் எடுத்து ஓட்டும் மின் ஸ்கூட்டர்கள் 2010-களின் கடைசியில் பல நகரங்களுக்கு வந்தபோது, அவற்றை இரவில் தெருத்தெருவாகப் பொறுக்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், தங்கள் வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றி, விடியுமுன் திரும்ப நிறுத்தியவர்களுக்கு ஒரு ஸ்கூட்டருக்கு இவ்வளவு என்றுதான் கொடுத்தார்கள். எங்கள் பாத்திர அக்காவின் நூறு தட்டுக் கணக்குதான், கொஞ்சம் பளபளப்பாக.

பாத்திர அக்காக்களைப் பற்றி ஒரு வரி தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் நான் நோட்டில் எழுதாமல் விட்ட வரி அது. மூன்று பேரில் இரண்டு பேர் புருஷனோடு வருவார்கள். அவர் லோடு, இவர் கழுவல். நோட்டில் அவர் பெயருக்கு எதிரே 'ஆள் 2' என்று போட்டு, கூலியை மொத்தமாக அவர் கையில் கொடுத்துவிடுவேன். அப்படிச் செய்யச் சொன்னது யார்? யாரும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் அப்படிச் செய்தார், எனக்கும் ஒரு வரி மிச்சம்.

சேதக் கட்டத்துக்கு வருகிறேன். தட்டு உடைந்தால் வாடிக்கையாளர் அட்வான்ஸில் கழிப்போம். ஆனால் வண்டியிலோ கழுவும் இடத்திலோ உடைந்தால் கூலியில் கழிப்போம். யார் கையில் உடைந்தது என்று தெரியாவிட்டால் அன்றைக்குப் போன எல்லோருக்கும் பிரித்துப் போடுவோம். எவ்வளவு கழிக்கலாம் என்பதற்கு எந்த விதியும் இல்லை, முதலாளியின் அன்றைய மனநிலைதான் விதி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949-ஆம் வருஷத்து ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கையில், சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ தீர்ப்பாய முடிவோ அனுமதித்த அளவில் மட்டுமே கூலியில் பிடித்தம் செய்யலாம் என்றும், என்ன நிபந்தனையில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது தொழிலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எங்கள் ரசீதின் பின்பக்கத்தில் வாடிக்கையாளருக்கு மட்டும் விலைப்பட்டியல் அச்சடித்திருந்தோம். தட்டு உடைந்தால் இவ்வளவு, கரண்டி தொலைந்தால் இவ்வளவு, துணியில் கறை பட்டால் இவ்வளவு என்று.

இந்தத் தொழிலின் மொத்தச் சூட்சுமமும் அட்வான்ஸ் என்ற ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. வாடிக்கையாளர் அட்வான்ஸ் கொடுத்தால், பொருள் பத்திரமாகத் திரும்பும் என்பதற்கு எங்களிடம் பிடி. தொழிலாளிக்கு நாங்கள் அட்வான்ஸ் கொடுத்தால், அவர் திரும்பத் திரும்ப வருவார் என்பதற்கும் எங்களிடமே பிடி. சொல் ஒன்றுதான், பணம் எந்தப் பக்கம் போனாலும் கயிறு எங்கள் கையில். குழந்தை பிறந்தது, அட்வான்ஸ். அப்பா தவறினார், அட்வான்ஸ். காய்ச்சல், அட்வான்ஸ். மழையில் மூன்று வாரம் வேலை இல்லை, அட்வான்ஸ். சமூகப் பாதுகாப்பு பற்றிய அதே அமைப்பின் 1952 உடன்படிக்கை மருத்துவம், நோய், வேலையின்மை, முதுமை, வேலையிடத்துக் காயம், குடும்பம், பேறுகாலம், உடல் ஊனம், குடும்பத் தலைவரின் மரணம் என்று 9 வகை உதவிகளைப் பட்டியலிடுகிறது. அந்த ஒன்பதையும் நாங்கள் ஒரே கட்டத்தில் எழுதினோம். எழுதியதோடு, திரும்பவும் வாங்கினோம்.

மேடை அண்ணன் விழுந்தது ஒரு மழை இரவில். மேடைப் பலகை இரும்புச் சட்டத்தோடு 50 கிலோவுக்கு மேல் இருக்கும். இரண்டு பேர் தூக்க வேண்டிய சாமான். ஒரு ஆண் தொழிலாளி கையால் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டினால் அதைக் குறைக்க வழி செய்ய வேண்டும் என்று அந்த அமைப்பின் 1967-ஆம் வருஷத்துப் பரிந்துரை ஒன்று இருக்கிறது. காய்ந்த தரையில், காலை வெளிச்சத்தில் என்று வைத்துக்கொண்டாலே அது பெரிய எடை. இது ஈர மண், இரவு ஒரு மணி, மறுநாள் ஐந்து மணிக்கு வேறு இடத்தில் மேடை நிற்க வேண்டும். மற்றவன் கூடாரத் துணியை மடித்துக்கொண்டிருந்தான். அண்ணன் தனியாகத் தூக்கினார். வழுக்கியது. பலகையின் மூலை வலது பாதத்தில் இறங்கியது.

காலையில் கடைக்கு வந்தபோது என் மேசையில் இரண்டு துண்டுச் சீட்டுகள். ஒன்று, பலகையின் மூலை உடைந்துவிட்டது, விசேஷ வீட்டாரின் அட்வான்ஸில் கழிக்கவும். அவர்கள் இடத்தில் உடைந்ததால் அது அவர்கள் கணக்கு. இன்னொன்று ஆஸ்பத்திரிச் சீட்டு. எலும்பு இரண்டு முறிவு. முதலாளி இரவே போய்ப் பணம் கட்டிவிட்டார், நேரில் நின்று பார்த்துக்கொண்டார், அண்ணன் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அதில் குறையே சொல்ல மாட்டேன். சாயங்காலம் வந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே, "அட்வான்ஸ்ல எழுதிக்கோம்மா" என்றார்.

எழுதினேன். 2,600 நாற்காலி. வேலைக்கு வரும் நாளில் 10 நாற்காலி வீதம் பிடிப்பது என்று ஏற்பாடு.

அன்று மாலையே பலகைக்கான கணக்கு முடிந்துவிட்டது. அண்ணனின் காலுக்கான கணக்கு அவர் 47 நாள் கழித்து நொண்டிக்கொண்டு வந்த அன்றைக்குத்தான் ஆரம்பமானது. 170 வேலை நாள் பிடித்தோம், ஒன்றரை சீசன் ஆகியிருக்கும். அப்புறம் ஒருநாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பாக்கி 900 நாற்காலி இருந்தது. "போனா போகட்டும், அடிச்சுடு" என்றார் முதலாளி. வராத கடன் என்று எழுதி அடித்தேன். அவர் விட்டுக்கொடுத்ததாகத்தான் அன்று நினைத்தேன்.

ஒருமுறை மட்டும் துணிந்து அவரிடம் கேட்டிருக்கிறேன். இவர்களுக்கெல்லாம் ஏதாவது ஒரு சீட்டு, ஒரு பதிவு, ஏதாவது செய்யலாமே என்று. அவர் கோபப்படவில்லை. "ஏம்மா, எனக்கு யாரு அப்பாயின்ட்மென்ட் லெட்டர் குடுத்தா?" என்றார். அவருக்கு மேலே இருக்கும் விசேஷ ஏற்பாட்டாளர்கள் அவருக்கு மூன்று மாதம் கழித்துத்தான் பணம் கொடுப்பார்கள், அதிலும் பேரம். அவர் சொன்னது பொய்யில்லை. பதில் இல்லாமல் என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். இப்போது கேட்டிருந்தால் பதில் இருக்கிறது: லெட்டர் யாரும் தராவிட்டாலும் கடை உங்கள் பெயரில் இருக்கிறதே, முதலாளி.

நான் விலகியது பெரிய கொள்கைக்காக இல்லை. வீட்டுக் கடனுக்கு வங்கியில் சம்பளச் சான்று கேட்டார்கள். 11 வருஷம் கரண்டிக்கெல்லாம் சான்று எழுதியவளுக்கு அது இல்லை. கடைசியில் நானே டைப் அடித்து, நானே எழுத்துப் பிழை திருத்தி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். வங்கிக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த விதம் இருக்கிறதே, போலி நோட்டைப் பார்ப்பதைப் போல. கடன் கிடைக்கவில்லை. ரெண்டு மாதத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டேன்.

கிளம்பும்போது என் சாமான்களோடு ஆள் கணக்கு நோட்டுகளும் வந்துவிட்டன. பெரிய ரசீதுப் புத்தகங்கள் கடை சொத்து, பீரோவில் பூட்டி வைப்பார்கள். ஆள் நோட்டு சின்னது, சீசன் முடிந்தால் பழைய காகிதத்தோடு போடுவது வழக்கம். எதையும் எறிய மனசு வராத பழக்கதோஷம் எனக்கு. 'மு' என்றால் முழு நாள், 'அ' என்றால் அரை நாள், 'இ' என்றால் இரவு, 'அட்' என்றால் அட்வான்ஸ். என்னைத் தவிர யாருக்கும் புரியாது.

போன வாரம் போனில் அண்ணன் குரல். "கணக்கும்மா, நல்லா இருக்கியா? மேடை பேசறேன்." இத்தனை வருஷம் கழித்தும் அவர் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார். இப்போது வேறொரு வாடகைக் கடையில் காவல் வேலை, தூக்க முடிவதில்லை. தொழிலாளர் நலப் பதிவுக்கு விண்ணப்பித்திருக்கிறாராம். எங்கே, எத்தனை நாள் வேலை செய்தீர்கள் என்று கேட்கிறார்களாம். "உங்கிட்ட ஏதாச்சும் இருக்குமா?" என்றார். இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

அவர் வேலை செய்த 6 வருஷத்து நோட்டுகளையும் எடுத்து உட்கார்ந்து எண்ணினேன். இரண்டு இரவு பிடித்தது. முழு நாள் 871. அரை நாளும் இரவும் சேர்த்து 344. மொத்தம் 1,043 நாள். காத்திருந்த மணிகளை எண்ண வழியில்லை.

எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா, அதில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதைவிட, நடந்தது என்ன என்பதை வைத்தே வேலை உறவைத் தீர்மானிக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2006-ஆம் வருஷத்து 198-ஆம் பரிந்துரை சொல்கிறது. யார் சொல்லி வேலை நடந்தது, யாருடைய சாமான், யாருக்காக, எத்தனை நாள், முக்கிய வருமானம் எங்கிருந்து வந்தது என்று வரிசையாக அடையாளங்களைத் தருகிறது. என் மு, அ, இ எல்லாம் அந்த அடையாளங்கள்தான். இதை அண்ணனிடம் விளக்க ஆரம்பித்தேன். "பேப்பரா குடுப்பியாம்மா?" என்றார். அவர் கேள்விதான் சரி.

வீட்டில் கடையின் வெற்று ரசீதுப் புத்தகம் ஒன்றும் கிடந்தது, அதுவும் சாமான்களோடு வந்ததுதான். அதில் ஒரு தாளைக் கிழித்தேன். பொருள் என்ற கட்டத்தில் 'மேடை வேலை, ஏற்றி இறக்குதல்'. எண்ணிக்கையில் 1,043 நாள். எடுத்த தேதியில் அவர் பெயர் நோட்டில் முதலில் வந்த நாள், திரும்பிய தேதியில் கடைசியாக வந்த நாள். சேதம் என்ற கட்டத்தில் 'வலது பாதம், எலும்பு 2' என்று எழுதினேன். அட்வான்ஸ் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

படம் எடுத்து அனுப்பினேன். அரை மணியில் திரும்பக் கூப்பிட்டார். விண்ணப்பம் பார்க்கும் இடத்தில் இருந்த பையன் பார்த்துவிட்டு, கடை சீல் வேண்டும் என்கிறானாம்.

சீல் முதலாளியின் மேசை இழுப்பறையில் இருக்கும், இடது பக்கம், ஸ்டாம்ப் பேடுக்குக் கீழே. திங்கட்கிழமை காலையில் போகிறேன். ஆறு நோட்டுகளையும் இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டேன்.